மெய்நிகர் கணினி ஊர்கிறதா? சேமிப்பகத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

மெய்நிகர் கணினி (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) மெதுவாக ஓடுகிறது என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பெரும்பாலும் கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ரேமைக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள். புரொசசர் எண்ணிக்கையை இரண்டிலிருந்து நான்காக்கியிருப்பார்கள். அதை ஓட்டும் மென்பொருளான வேர்ச்சுவல்பொக்ஸை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவியிருப்பார்கள். இவற்றில் எது என்ன மாற்றத்தைத் தந்தது என்று கேட்டால் பதில் வராது. முதலில் அளந்து வைத்திருந்தால்தானே மாற்றம் தெரியும்?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் கணினி படிக்கிற பிள்ளைகளின் கையில் நான் அதிகம் பார்ப்பது பாவித்த மடிக்கணினிகள்: 8 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் பழைய வன்தட்டு. அதற்குள்ளேயே உபுண்டுவையும் விண்டோஸ் சேவரையும் ஓடவிட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. தோட்டக் கந்தோரிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சிறிய சேவர் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் பின்பகுதியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

முறை இதுதான். ஒரே வேலையை வெளியே ஒரு தடவையும் உள்ளே ஒரு தடவையும் அளக்க வேண்டும். வெளியே என்பது மேசையில் இருக்கும் உண்மையான கணினி. அதைத் தாய்க் கணினி என்று அழைப்போம். உள்ளே என்பது அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினி. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவு போகும் பாதை

மெய்நிகர் கணினிக்கு வன்தட்டாகத் தெரிவது, தாய்க் கணினியில் சாதாரணக் கோப்பு ஒன்று. வேர்ச்சுவல்பொக்ஸில் அது விடிஐ கோப்பு, விஎம்வெயாரில் விஎம்டிகே கோப்பு. உள்ளே இருக்கும் மென்பொருள் ஒரு வரியைச் சேமித்தால், அது உள்ளே உள்ள கோப்பு முறைமையைத் தாண்டி, தட்டோடு பேசும் மெய்நிகர்க் கட்டுப்படுத்தியைத் தாண்டி, அந்தப் பெரிய கோப்புக்குள் இறங்கி, தாய்க் கணினியின் கோப்பு முறைமை வழியாக உண்மையான தட்டுக்குப் போய்ச் சேருகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் பார்ப்பவருக்கு 'திரை உறைந்துவிட்டது' என்றுதான் தெரியும்.

வேகம் என்றவுடன் எல்லோரும் செக்கனுக்கு எத்தனை எம்பி என்று பார்க்கிறார்கள். திரைப்படக் கோப்பு ஒன்றைப் பிரதி எடுக்க அது போதும். பணிசெயல் முறைமை ஒன்று தொடங்கும்போதோ தரவுத்தளம் ஒன்று ஓடும்போதோ நடப்பது வேறு: ஆயிரக்கணக்கான சிறிய வாசிப்புகள், ஒவ்வொன்றும் தட்டின் வெவ்வேறு மூலையில். 5,400 சுழற்சி வன்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிசெக்கன் ஆகும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு 5.5 மில்லிசெக்கன். தலை நகர்ந்து சரியான தடத்துக்கு வருவதற்கு இன்னும் பத்து மில்லிசெக்கன் அளவில் போகும். ஆகவே இப்படியான தட்டு ஒரு செக்கனுக்கு அறுபது, எழுபது எழுமாறான வாசிப்புகளைத்தான் செய்யும். 4 கிலோபைட் துண்டுகளாகக் கணக்குப் போட்டால் செக்கனுக்கு 300 கிலோபைட்டைக்கூட எட்டாது. பெட்டியில் 100 எம்பி என்று எழுதியிருக்கலாம். அது நேர்வரிசையாக வாசிக்கும்போது வரும் கணக்கு.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கொழுந்து மடுவத்தில் ஒரே ஒரு தராசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கொழுந்தை நிறுக்க அரை நிமிடம். வரிசையில் இருபது பேர் நின்றால் கடைசி ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. தராசில் பழுது எதுவும் கிடையாது. அதே தராசு சிக்கிக்கொண்டு ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தால், இரண்டே பேர் நின்றாலும் அதே பத்து நிமிடம்தான். முதலாவதில் வரிசையைக் குறைக்க வேண்டும், இரண்டாவதில் தராசைப் பார்க்க வேண்டும். சேமிப்பகத்திலும் வரிசை நீளம், பதில் நேரம் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

முதல் படி: முறைப்பாட்டைச் சரியாக எழுதுங்கள்

'மெதுவாக இருக்கிறது' என்பதை வைத்து எதையும் தேட முடியாது. தொடங்கும்போது மட்டும் மெதுவா, எப்போதுமா? சேமிக்கும்போதா, திறக்கும்போதா? முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு படுத்துவிடுகிறதா? போன மாதம் நன்றாக இருந்ததா? பதில்களை எழுதி வையுங்கள். பல நாள் திறக்காமல் வைத்திருந்த விண்டோஸ் மெய்நிகர் கணினி, திறந்தவுடன் மேம்படுத்தல்களை இறக்கும், வைரஸ் தேடும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும். அந்த அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. அது அடங்கும்வரை விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

இரண்டாம் படி: நினைவகத்தைச் சந்தேகியுங்கள்

சேமிப்பகக் கோளாறு என்று வருவதில் நல்ல பங்கு உண்மையில் ரேம் கோளாறு. 8 ஜிபி உள்ள கணினியில் மெய்நிகர் கணினிக்கு 6 ஜிபி கொடுத்துவிட்டு, குரோமில் பத்துப் பக்கங்களையும் திறந்து வைத்தால் தாய்க் கணினிக்கு மூச்சு விட இடம் கிடைக்காது. அது ரேமில் உள்ளதைத் தூக்கித் தட்டில் போடத் தொடங்கும். தட்டு விளக்கு அணையாமல் எரியும். பார்ப்பவர் தட்டைத் திட்டுவார்.

சோதிப்பது எளிது. தாய்க் கணினியில் டாஸ்க் மனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பாருங்கள். மெய்நிகர் கணினி ஓடும்போது பாவனை 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? ரிசோர்ஸ் மொனிட்டரில் நினைவகப் பக்கத்தில் 'ஹார்ட் ஃபோல்ட்ஸ்' என்ற நிரல் இருக்கும். அது தொடர்ச்சியாக நூற்றுக்கணக்கில் ஓடினால் தேவையான பக்கங்கள் ரேமில் கிடைக்காமல் தட்டிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். உள்ளேயும் பாருங்கள். லினக்ஸ் என்றால் விஎம்ஸ்டாட் கட்டளையை ஒரு செக்கன் இடைவெளியில் ஓடவிட்டு, எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரல்களைக் கவனியுங்கள் (தட்டிலிருந்து ரேமுக்கு வருவதும், ரேமிலிருந்து தட்டுக்குப் போவதும்). வேலை நடக்கும் நேரம் முழுவதும் அவை பூச்சியத்திலேயே நின்றால் நல்லது. அடிக்கடி எண்கள் வந்தால் உள்ளே ரேம் போதவில்லை.

ஆகவே கொடுப்பதிலும் நிதானம் வேண்டும்: கூட்டிக் கொடுத்தால் வெளியே தட்டுப்பாடு, குறைத்துக் கொடுத்தால் உள்ளே தட்டுப்பாடு. 8 ஜிபி கணினியில் வரைகலை இடைமுகம் இல்லாத உபுண்டு சேவருக்கு 2 ஜிபி தாராளம். விண்டோஸ் மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபி கொடுத்துவிட்டு, வெளியே உலாவியை மூடிவிட வேண்டும். விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் பாவிப்பவர்கள் விருப்பத்தேர்வுகளில் நினைவகப் பக்கத்துக்குப் போய், மெய்நிகர் நினைவகம் முழுவதையும் ரேமுக்குள்ளேயே வைக்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது தன் பங்குக்கு ஒரு பகுதியைத் தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்.

நினைவகம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: மெய்நிகர் கணினியை மூடிவிட்டு, தட்டை மட்டும் பாருங்கள்

மெய்நிகர் கணினியை நிறுத்துங்கள். டாஸ்க் மனேஜரில் தட்டுப் பகுதியில் இரண்டு எண்கள்: இயங்கும் நேரச் சதவீதம், சராசரிப் பதில் நேரம். எதுவும் செய்யாத கணினியில் சதவீதம் நூறைத் தொட்டு நின்றால், மெய்நிகர் மென்பொருளுக்கும் உங்கள் கோளாறுக்கும் சம்பந்தம் கிடையாது. பதில் நேரத்தைப் பொறுத்தவரை நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல்: எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத தட்டு) என்றால் சில மில்லிசெக்கனுக்குள், சுழலும் தட்டு என்றால் இருபதைச் சுற்றி. நூற்றுக்கணக்கில் அடிக்கடி ஏறினால் கவலைப்படலாம். வேலை குறைவாக இருக்கும்போதே ஆயிரத்தைத் தாண்டினால் முதலில் கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுங்கள், ஆராய்ச்சி பிறகு.

அடுத்தது தட்டின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் தட்டு தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும். சுழலும் தட்டில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள். சி5 வாசிக்க முடியாமல் முடிவு காத்திருக்கும் துண்டுகள். சி6 திருத்தவே முடியாதவை. சி5 பூச்சியத்துக்கு மேல் இருந்தால், அந்தத் துண்டை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் தட்டு திரும்பத் திரும்ப முயன்று செக்கன் கணக்கில் நின்றுவிடும். மெய்நிகர் கணினி எப்போதும் ஒரே இடத்தில் உறைகிறது என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சி7 வேறு சாதி: அது வயரில் தரவு கெட்டு வந்த எண்ணிக்கை. அந்த எண் ஏறிக்கொண்டே போனால் தட்டைக் குறை சொல்லாமல் இணைப்பு வயரைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். தட்டு வாங்கக் கண்டிவரைப் போகும் செலவு மிஞ்சும்.

இங்கே ஒரு பேச்சு உண்டு: நுவரெலியாக் குளிருக்கும் உயரத்துக்கும் வன்தட்டு தாங்காது என்று. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வன்தட்டுகளை உற்பத்தியாளர்கள் பொதுவாக 3,000 மீற்றர் வரை இயங்கும்படி வடிவமைக்கிறார்கள். பிதுருதலாகல உச்சியே 2,524 மீற்றர்தான். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிரில் கிடந்த வெளிவன்தட்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். ஈரம் படிந்திருக்கும், கொஞ்ச நேரம் கிடக்கட்டும். தட்டைக் கெடுப்பது இங்கே குளிரைவிட மின்சாரம்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் மின்சாரம் போய்ப் போய் வரும். பற்றரி செத்துப்போன மடிக்கணினி ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது.

மிச்ச இடத்தையும் பாருங்கள். தட்டில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டி நிறைந்துவிட்டால் எழுதும் வேகம் தெளிவாகவே விழும். மலிவான எஸ்எஸ்டிகளில் இன்னொரு குணமும் உண்டு. எழுதுவதை முதலில் ஒரு வேகமான பகுதியில் வாங்கிக்கொள்ளும். அந்தப் பகுதி நிறைந்தவுடன் வேகம் சட்டென்று பல மடங்கு இறங்கும். 'முதல் சில நிமிடம் பறக்கிறது, பிறகு நகரவே இல்லை' என்ற முறைப்பாட்டுக்கு இது பொருந்தும். பெரிய கொள்ளளவுள்ள சில 2.5 அங்குல வன்தட்டுகளிலும், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமையும் வகை என்பதால், நீண்ட நேரம் எழுதும்போது இதே நிலைதான்.

மெய்நிகர் கணினியை வெளிவன்தட்டில் வைத்திருந்தால் அது எந்த யூஎஸ்பி துளையில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் செக்கனுக்கு 30, 40 எம்பிக்கு மேல் கிடைக்காது. பக்கத்துத் துளைக்கு மாற்றியவுடன் குணமான கணினிகள் உண்டு.

நான்காம் படி: வரிசையில் வேறு யார் நிற்கிறார்கள்?

மெய்நிகர் கணினியைத் திறந்து, உள்ளே எதுவும் செய்யாமல் விடுங்கள். தாய்க் கணினியில் ரிசோர்ஸ் மொனிட்டரின் தட்டுப் பக்கத்தைத் திறந்து, எந்தச் செயல் எந்தக் கோப்பை எழுதுகிறது என்று வரிசைப்படுத்துங்கள். விடிஐ அல்லது விஎம்டிகே கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் மெய்நிகர் மென்பொருளைத் தவிர வேறு பெயர் தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

வழக்கமாக அகப்படுவது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள். பல ஜிபி அளவுள்ள கோப்பு ஒன்று ஓயாமல் மாறிக்கொண்டிருந்தால் அதன் வேலையும் ஓயாது. மெய்நிகர் கணினிகள் இருக்கும் கோப்புறையை மட்டும் விண்டோஸின் வைரஸ் எதிர்ப்பான டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் பணிசெயல் முறைமைக்குத் தனிப் பாதுகாப்பு இருக்க வேண்டும். முழுத் தட்டையும் விலக்குவது ஒருபோதும் வேண்டாம்.

இரண்டாவது ஆள் ஒன்டிரைவ். விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் விண்டோஸில் தன் மெய்நிகர் கணினிகளை இயல்பாக ஆவணங்கள் கோப்புறைக்குள் வைக்கிறது. அந்தக் கோப்புறையை விண்டோஸ் மேகத்துக்குப் பிரதி எடுக்கும்படி நீங்கள் எப்போதோ 'சரி' என்று அழுத்தியிருப்பீர்கள். விளைவு, 40 ஜிபி கோப்பு ஒன்றை ஒன்டிரைவ் மேலே அனுப்பப் பார்க்கிறது. தட்டும் போகிறது, டேட்டாவும் போகிறது. டொங்கிளில் மாதப் பொதி போட்டு ஓட்டுபவர்களுக்கு இது இரட்டை நட்டம். மெய்நிகர் கணினிகளுக்கென்று வேறெந்தக் கோப்புறைக்குள்ளும் போகாமல் தட்டின் முதல் மட்டத்திலேயே தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அங்கே மாற்றிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை எல்லோருக்கும் சொல்வேன், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஐந்தாம் படி: உள்ளேயும் வெளியேயும் அளவெடுங்கள்

இப்போதுதான் எண்களுக்கு வருகிறோம். அளக்கும் மென்பொருள்: விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்மார்க், லினக்ஸில் ஃபியோ. இரண்டு பக்கமும் விண்டோஸ் என்றால் ஒரே மென்பொருளையே பாவியுங்கள். வெளியே விண்டோஸ், உள்ளே லினக்ஸ் என்றால் ஃபியோவை இரண்டிலும் நிறுவலாம். 4 கிலோபைட் துண்டு, எழுமாறான வாசிப்பு, வரிசை ஆழம் ஒன்று (ஒரு நேரத்தில் ஒரே வாசிப்பு) என்று வையுங்கள். அன்றாட வேலையில் கணினி எப்படி இருக்கும் என்பதைக் காட்டுவது இந்த எண்தான். வெளியே அளக்கும்போது மெய்நிகர் கணினி மூடியிருக்கட்டும். மின்சாரம் செருகியிருக்கட்டும், பற்றரியில் ஓடும்போது பல மடிக்கணினிகள் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும்.

ஒரு பொறி இருக்கிறது. பணிசெயல் முறைமை சமீபத்தில் வாசித்ததையும் எழுதியதையும் ரேமில் ஒளித்து வைத்திருக்கும். அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தட்டிலிருந்து வந்ததுபோல் காட்டும். ஆகவே ஃபியோவில் இடைச்சேமிப்பைத் தவிர்க்கும் 'டைரக்ட்' தெரிவைப் போடுங்கள். சோதனைக் கோப்பு மெய்நிகர் கணினியின் ரேமைவிடப் பெரிதாக இருக்கட்டும். சுழலும் தட்டுள்ள கணினியில் உள்ளே செக்கனுக்கு 500 எம்பி வந்தால் மகிழ வேண்டாம், நீங்கள் அளந்தது ரேமை.

லினக்ஸுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவி, ஐயோஸ்டாட்டை விரிவான வடிவில் ஒரு செக்கன் இடைவெளியில் ஓடவிடுங்கள். வாசிப்புக் காத்திருப்பு, எழுதுதல் காத்திருப்பு என்று மில்லிசெக்கனில் இரண்டு நிரல்கள், சராசரி வரிசை நீளத்துக்கு ஒன்று, பாவனைச் சதவீதத்துக்கு ஒன்று இருக்கும். கடைசி நிரலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடியது. சதவீதம் நூறாக இருந்தும் அதில் இன்னும் இடம் மிஞ்சியிருக்கலாம். காத்திருப்பையும் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.

எண்கள் வந்துவிட்டன. வாசிப்பது இப்படி. வெளியேயும் மோசம், உள்ளேயும் மோசம் என்றால் தட்டுத்தான். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். மெய்நிகர் மென்பொருளின் எந்த அமைப்பை மாற்றினாலும் சுழலும் தட்டு எஸ்எஸ்டி ஆகாது. வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் மோசம் என்றால் இடையிலுள்ள மெய்நிகர் அடுக்கு. அடுத்த படி அதற்குத்தான். இரண்டும் நன்றாக இருந்தும் மென்பொருள் மட்டும் இழுபடுகிறதென்றால் தட்டை விட்டுவிட்டு அந்த மென்பொருளையே பாருங்கள்: தேடல் அட்டவணை (இன்டெக்ஸ்) இல்லாத தரவுத்தளத்தை எந்தத் தட்டாலும் காப்பாற்ற முடியாது.

உள்ளே கொஞ்சம் குறைவது இயல்பு. சுழலும் தட்டில் அந்தக் குறைவு கண்ணுக்கே படாது, தட்டே அவ்வளவு மெதுவானது. வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியில் சிறு வாசிப்புகளுக்கு வெளியே கிடைப்பதில் பாதி உள்ளே கிடைத்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். பத்தில் ஒரு பங்குக்கு விழுந்தால் ஏதோ இருக்கிறது.

ஆறாம் படி: மெய்நிகர் அடுக்கு

வேர்ச்சுவல்பொக்ஸ் ஓடும்போது சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸின் சொந்த மெய்நிகர் மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே புரொசசரின் மெய்நிகராக்க வசதியைக் கையில் எடுத்துவிட்டது. வேர்ச்சுவல்பொக்ஸ் அதன்மேல் ஏறி ஓடுகிறது. தட்டு வேலை உட்பட எல்லாமே தாமதமாகும். விண்டோஸ் பாதுகாப்பில் உள்ள நினைவக ஒருமைப்பாடு என்ற தெரிவும், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-உம் இதைத் தூண்டும். அவற்றை அணைத்தால் ஆமை போய்விடும். ஆனால் நினைவக ஒருமைப்பாடு பாதுகாப்புக்காக இருக்கிறது. வங்கிக் கணக்குப் பார்க்கும் அதே கணினி என்றால் அதை அணைப்பதைவிட, விண்டோஸ் புரோ பதிப்பு இருக்குமானால் ஹைப்பர்-வியையே பாவிப்பது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது கட்டுப்படுத்தி. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஐடிஇ என்ற பழைய வகையை வைத்திருந்தால் மாற்றுங்கள். வேர்ச்சுவல்பொக்ஸில் சாட்டா போதும். லினக்ஸுக்கு, மெய்நிகர் கணினிகளுக்கென்றே செய்யப்பட்ட வேர்ட்-ஐஓ ஸ்கசியையும் பார்க்கலாம். பிரொக்ஸ்மொக்ஸ் போன்ற சேவர் மெய்நிகர் மென்பொருள்களில் வேர்ட்-ஐஓ ஸ்கசிதான் சரியான தெரிவு. விண்டோஸை உள்ளே வைத்திருப்பவர்கள் அதற்குரிய சாரதி மென்பொருளை முதலில் நிறுவாமல் கட்டுப்படுத்தியை மாற்றினால் அது தொடங்கவே மாட்டாது.

அதே பக்கத்தில் தாய்க் கணினியின் இடைச்சேமிப்பைப் பாவிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. சாட்டாவில் இயல்பாக அது அணைந்திருக்கும். போட்டால் எண்கள் அழகாக ஏறும். காரணம், தட்டுக்குப் போகவேண்டியது தாய்க் கணினியின் ரேமில் காத்திருப்பதுதான். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் உள்ளே 'சேமித்தாயிற்று' என்று சொன்ன தரவு எங்கேயும் இருக்காது. போதாததற்கு, உள்ளேயிருந்து வரும் 'இப்போதே தட்டில் எழுது' என்ற கட்டளையையும் வேர்ச்சுவல்பொக்ஸ் இயல்பாகக் கண்டுகொள்வதில்லை. பயிற்சிக்கு வைத்திருப்பது என்றால் போடுங்கள். யாருடைய சம்பளக் கணக்காவது உள்ளே இருந்தால் தொடாதீர்கள்.

ஸ்னப்ஷொட்டை, அதாவது பிறகு திரும்பிப் போகக்கூடியபடி அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் விழுவது இந்தக் குழியில். ஸ்னப்ஷொட் எடுத்தவுடன் பழைய கோப்பு அப்படியே உறைந்துவிடும். அதன்பின் எழுதுவதெல்லாம் புதிய வேறுபாட்டுக் கோப்பு ஒன்றுக்குப் போகும். மறுபடியும் எடுத்தால் மூன்றாவது கோப்பு. இப்போது ஒரு துண்டை வாசிக்க வேண்டுமானால் கடைசிக் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று என்று எடுத்து வைத்த பிள்ளைகளின் கணினியில் சங்கிலி நீண்டு கிடக்கும். ஒவ்வொரு கோப்பும் தட்டில் வெவ்வேறு இடத்தில், அதிலும் துண்டு துண்டாக. விஎம்வெயார் தன் சேவர் மென்பொருளுக்குச் சொல்லும் அறிவுரை, ஒரு ஸ்னப்ஷொட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது. சங்கிலி 32 வரை போகலாம் என்றாலும் இரண்டு, மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது. பெயரைப் பார்த்து அதைக் காப்புப் பிரதி என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூலக் கோப்பு கெட்டால் மேலே உள்ள எதுவும் மிஞ்சாது.

நீக்கும்போது கவனம். நீக்குவது என்றால் கோப்புகளை ஒன்றோடு ஒன்று சேர்ப்பது. அதற்கு நேரமும் தட்டில் காலி இடமும் வேண்டும், நடுவில் கணினி அணையக் கூடாது. மெய்நிகர் கணினியின் முழுக் கோப்புறையையும் முதலில் வெளிவன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். வானம் தெளிந்த காலை வேளையில் தொடங்குங்கள். கோப்புகளை நேரடியாகக் கோப்புறைக்குள் போய் அழிப்பது மட்டும் கூடவே கூடாது. மென்பொருளின் ஸ்னப்ஷொட் பக்கம் வழியாகவே செய்யுங்கள்.

மெய்நிகர் தட்டுக் கோப்புக்கு நிலையான அளவா, வளரும் அளவா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் இல்லை. சுழலும் தட்டில் வளரும் கோப்பு சிதறிக்கொண்டே போவதால் நிலையான அளவு கொஞ்சம் நல்லது. வளரும் கோப்பு தானாகச் சுருங்காது என்பதையும் மறக்க வேண்டாம்: உள்ளே 20 ஜிபியை அழித்தாலும் வெளியே அந்த இடம் திரும்பிக் கிடைக்காது. உள்ளே காலி இடத்தைப் பூச்சியங்களால் நிரப்பிவிட்டு, வேர்ச்சுவல்பொக்ஸின் கட்டளை வழியாகச் சுருக்க வேண்டும்.

கந்தோர் சேவர் பார்ப்பவர்களுக்கு

செக்ரோல் (தோட்டச் சம்பளப் பட்டியல்) முடிக்கும் நாட்களில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள், மற்ற நாளெல்லாம் சேவர் தூங்குகிறது. அந்த நாட்களில் மட்டும் மெதுவென்றால் அது வரிசை நீளம். இரவுக் காப்புப் பிரதி காலைவரை இழுபட்டு, வேலை நேரத்தோடு மோதுகிறதா என்றும் பாருங்கள்.

மற்ற நாட்களிலும் மெதுவாகி, அது ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்கியிருந்தால் பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்ட் அட்டையின் பற்றரியைப் பாருங்கள். எழுதுவதைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பிறகு தட்டுக்கு அனுப்பும் வேலையை அந்த அட்டை பற்றரியை நம்பித்தான் செய்கிறது. பற்றரி செத்தால் பல அட்டைகள் அந்த வசதியைத் தாமாகவே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் நேரடியாகத் தட்டில் எழுதத் தொடங்கும். எந்தத் தட்டும் பழுதாகாமலே எழுதும் வேகம் மட்டும் ஒரே நாளில் சரிந்துவிடும். மின்வெட்டுக்குப் பழகிய நம் பக்கத்தில் பற்றரி இல்லாமல் அந்த வசதியைக் கட்டாயப்படுத்தி இயக்குவது விபரீதம். பற்றரியை மாற்றுங்கள்.

வலையமைப்பில் வைத்த சேமிப்பகம் என்றால் இணைப்பு எந்த வேகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கிகாபிட் இணைப்பு செக்கனுக்கு 110 எம்பி அளவில் கொடுக்கும். வயரில் ஒரு சோடி அறுந்தால் அது சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அப்போது 11 எம்பியைச் சுற்றியே நிற்கும். அளந்த எண் பதினொன்றுக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நின்றால் வேறெங்கும் தேடாமல் வயரைப் பிடியுங்கள். எலிகளுக்கும் அதில் பங்குண்டு.

விஎம்வெயாரின் சேவர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐ பாவிப்பவர்களுக்கு ஈஎஸ்எக்ஸ்டொப் கருவியில் டிஏவிஜி, கேஏவிஜி என்ற இரண்டு நிரல்கள் போதும். முதலாவது கருவியின் தாமதம்: அது 20, 25 மில்லிசெக்கனுக்கு மேல் தொடர்ந்து நின்றால் தட்டையும் பாதையையும் பார்க்க வேண்டும். இரண்டாவது மெய்நிகர் மென்பொருளே வைத்துக்கொள்ளும் தாமதம்: பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டுக்கு மேல் நின்றால் உள்ளே வரிசை நிரம்பிவிட்டது.

எஸ்எஸ்டி வாங்கத் தீர்மானித்தால்

எல்லாம் பார்த்தபின் சுழலும் தட்டே காரணம் என்று தெரிந்தால், சாட்டா எஸ்எஸ்டி ஒன்று எந்த அமைப்பு மாற்றத்தையும்விட அதிகம் செய்யும். சிறு வாசிப்புகளில் அறுபது, எழுபது என்று இருந்தது ஆயிரக்கணக்காக மாறும். மாற்றியபின் அதே சோதனையை அதே அளவுகளோடு மறுபடியும் ஓடவிட்டு, கொப்பியில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து பொதியில் எடுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுமுன் கணினியின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். 2.5 அங்குல இடம் இருக்கிறதா, சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருக்கிறதா? எம்.2 என்றால் அது சாட்டா மட்டும் ஏற்பதா, என்விஎம்இயும் ஏற்பதா? இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி வாங்கினால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது. மடிக்கணினியின் மாதிரி எண்ணை உற்பத்தியாளரின் தளத்தில் தேடினால் பதில் அங்கே இருக்கும். விற்பவரிடம் கேட்பதானால் அதே மாதிரி எண்ணைச் சொல்லி, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.